கீழிருந்து எடுத்த படங்கள்

பன்னிரண்டு படம் விழுகிற ரோலில் பதின்மூன்றாவதாக ஒன்று இருந்தது. நாகப்பன் நெகட்டிவை விளக்குக்கு நேரே பிடித்து இரண்டு தரம் எண்ணினான். மறைமலை நகர் கம்பெனி ஒன்றில் புதிதாகச் சேர்ந்த பன்னிரண்டு பேருக்கு அடையாள அட்டைப் படம். காமிராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒவ்வொருத்தன் முகத்துக்கும் நேராக வைத்து எடுத்தது. பதின்மூன்றாவது அப்படியில்லை. தரையோரமாக நின்று யாரோ அண்ணாந்து எடுத்தது போல, கடைசியாக உட்கார்ந்த சாம்சனின் மோவாயும் மூக்குத் துவாரமும், அதற்கும் மேலே எட்டாத உயரத்தில் டியூப் லைட்டும் தெரிந்தன. அட கஷ்டகாலமே, இருபது வருஷம் தொழில் செய்தவன் எடுக்கிற படமா இது என்று தலையில் அடித்துக்கொண்டான். ஸ்டாண்டு நழுவியிருக்கும், விரல் தவறிப் பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று, ஆவணி மாதம். படப்பை மெயின் ரோட்டில் முன்பக்கம் ஸ்டூடியோ, பின்பக்கம் வீடு, நடுவில் ஜன்னல் இல்லாத ஒரு அறை. அதில்தான் படம் கழுவுவது. அவன் மகள் சத்யப்பிரியா போய் அன்றைக்கு நாற்பது நாள் ஆகியிருந்தது. நாலரை வயது. இரண்டு நாள் காய்ச்சல், அப்புறம் வலிப்பு, அப்புறம் ஒன்றுமில்லை.

அந்தப் பிள்ளைக்கு ஒரு படம் கிடையாது. சொன்னால் சிரிப்பீர்கள். ஊரார் பிள்ளைகளை எல்லாம் குதிரைப் பொம்மைமேல் உட்காரவைத்துப் பிடித்தவன், தன் பிள்ளைக்கு மட்டும் ஐந்து வயது முடியாமல் படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று நம்பினான். பெரியவர்கள் சொன்னது, மீற பயம். பிடிக்காமல் விட்டும் ஆயுசு குறைந்துதான் போயிற்று. பாவி, ஒரே ஒரு படம் எடுத்திருக்கக் கூடாதா?

அவன் மனைவி கனகம் இதைச் சொல்லித்தான் அழுவாள். "ஊருல இருக்கிற மூஞ்சியெல்லாம் நம்ம வூட்டு சொவத்துல தொங்குது. எம் பொண்ணு மூஞ்சி இல்ல. எனக்கு மறந்துகினே வருதுங்க. அவ மூக்கு எப்புடி இருந்துச்சின்னு நேத்து ராத்திரி எவ்ளோ யோசிச்சும் வர்ல."

அடுத்த ரோலிலும் பதின்மூன்றாவது படம் இருந்தது. அதை அவன் எடுத்திருக்கவே முடியாது. காமிரா சமையலறைப் பக்கம் போனதே இல்லை. கனகம் அடுப்பு மேடைமுன் நிற்கிறாள். மேடையின் அடிப்பக்கம், புடவை மடிப்பு, கரண்டி பிடித்த கையின் அடிச்சதை, வெகு உயரத்தில் அவள் முகம். நாகப்பன் படத்தைக் கவிழ்த்து வைத்தான். கிழித்துப் போட நினைத்தவன், மனசு கேட்காமல் அவளிடம் காட்டினான்.

கனகம் பயப்படவில்லை. படத்தைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். "என் முட்டியாண்ட நின்னுகினு சோறு கேப்பாளே, அந்த எடங்க இது. அவ பாக்கிறதெல்லாம் நமக்குக் காட்டுறா. ஒரு நாளு தன்னயும் காட்டுவா. நிறுத்திடாதீங்க."

நிறுத்தவில்லை. மூன்றாவது ரோலில் படம் இன்னும் கீழே இறங்கியிருந்தது. பாயில் மல்லாந்து கிடந்து பார்த்தால் தெரிகிற மாதிரி மின்விசிறி, உத்தரம், குனிந்து வாய்விட்டு அலறுகிற கனகம். படத்தின் அடியோரத்தில் ஏதோ மொத்தையாக மறைத்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தான். ரோஜா மாலை.

மாலை போட்டது எப்போது? ஊசி போடுகிற ஆள் வந்து கையைப் பிடித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போன பிறகு. நாகப்பனும் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தான். மூச்சு படவில்லை. அன்றைக்கு மழை கறுத்துக்கொண்டு வந்தது. பொழுது சாய்வதற்குள் முடித்துவிடலாம் என்று எல்லாரையும் அவசரப்படுத்தியவனே அவன்தான். சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். பெண்கள் அங்கே வருவதில்லை. தெருமுனையில் இரண்டு பேர் பிடித்து நிறுத்தியதோடு கனகம் நின்றுவிட்டாள்.

இந்த மூன்றாவது படத்தை அவன் அவளிடம் காட்டவில்லை. காமிராவைப் பூட்டி வைத்தான். அவள் சாவியைத் தேடி எடுத்து, ரோட்டில் போன கம்பெனி ஆட்களைத் தானே கூப்பிட்டு உட்காரவைத்தாள். "புடிங்க. இந்த தபா வந்துருவா." அவன் காமிராவை எடுத்து ஸ்டாண்டில் மாட்டினான்.

நடுப்பகல். இருட்டறைக்குள் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. வெளியே ஒரகடம் பக்கம் போகிற லாரிகளின் அதிர்வில் தட்டிலிருந்த மருந்துத் தண்ணீர் லேசாக அலைந்துகொண்டிருந்தது. குழாய் சொட்டுகிற சத்தம், கதவுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருக்கிற கனகத்தின் வளையல் சத்தம், மூக்கை அரிக்கிற மருந்து நெடி எல்லாம் என்றைக்கும் உள்ளவைதான். அந்த நெடிக்கு அடியில், இத்தனை வருஷத்தில் அந்த அறையில் வராத வாசனை ஒன்று மெல்ல எழும்பியது. ஈர மண் வாசனை. நெகட்டிவைப் பார்க்காமலே படம் பெரிதாக்கும் கருவியில் செருகி, தாளில் வெளிச்சம் காட்டி, தட்டில் போட்டான்.

அவன் முழங்காலில் ஏதோ சாய்ந்தது.

கனமில்லை. இளஞ்சூடு. அவன் வேலை செய்யும்போது அவள் அப்படித்தான் வந்து சாய்ந்து நிற்பாள். நாகப்பன் குனியவில்லை. குனிந்தால் இருப்பாளோ என்று பயம். இல்லாமல் போவாளோ என்று அதைவிடப் பெரிய பயம். முருகா, வல்லக்கோட்டை முருகா என்று உதடு மட்டும் அசைந்தது.

தாளில் கறுப்பு பரவியது. நாலு பக்கமும் செங்குத்தாக வெட்டிய மண் சுவர். நடுவில் ஒரு துண்டு வானம், மழை மேகம். விளிம்பைச் சுற்றித் தலைகள், எல்லாம் கீழே குனிந்து பார்க்கின்றன. மைத்துனன் ரங்கநாதன். பக்கத்து வீட்டு இராமச்சந்திரன். குழி வெட்டியவன். நடுவில் நாகப்பன்.

கண் மூடியிருந்தால் இது தெரியாது.

எடுக்க வேண்டும். கிழிக்க வேண்டும். கை வரவில்லை. படத்தில் அவன் கை மூடியிருக்கிறது. விரலிடுக்கில் மண். முதல் பிடி. தகப்பன் போடுகிற பிடி.

படத்தின் அடியிலிருந்து இன்னும் ஏதோ வந்தது. மெதுவாக. வெள்ளையாக. ஒன்று. இரண்டு.

கதவு திறந்தது. "வந்துட்டாளா?" பகல் வெளிச்சம் உள்ளே விழ, கனகம் அவன் தோளோடு ஒட்டி நின்று தட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் இத்தனை நாளாக இல்லாத சிரிப்பு வந்தது.

"ஐயோ, எங்கண்ணு! கையப் பாருங்க, கறுப்பு வளையல் போட்டுகினு! தூக்கச் சொல்லி ரெண்டு கையயும் நீட்டுறா!"

நாகப்பன் அவளைத் தோளால் பின்னுக்குத் தள்ளப் பார்த்தான்.

"இது எந்த எடங்க? எல்லாரும் சுத்தி நின்னுகினு இன்னா பாக்குறீங்க?" அவள் இன்னும் குனிந்தாள். "கையில இன்னா வச்சிகினு கீறீங்க? அத போட்டுட்டு புள்ளயத் தூக்குங்களேன்."

வெளிச்சம் பட்ட தாள் கறுக்க ஆரம்பித்தது. வானம் போயிற்று. தலைகள் ஒவ்வொன்றாகப் போயின. அவன் முகமும் போயிற்று. முழுக் கறுப்பான தாளில் இரண்டு சின்னக் கைகள் மட்டும் கறுக்காமல், விரல்களை விரித்து, மேலே நீண்டபடியே இருந்தன.