சொந்த வேர்வை

ஒரு குப்பி பயம் மூன்று லட்சம். புலியினுடையது. சிறுத்தை என்றால் கொஞ்சம் தள்ளுபடி உண்டு.

விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருந்த கனகவேலுக்கு விலைப்பலகையைப் பார்த்ததும் நிலைகொள்ளவில்லை.

"வெறும் வாடைக்கு மூணு லட்சமா, தாயி?"

மெய்வளர் நிலையத்து விற்பனையாளர் ஸ்டெல்லா இரண்டு கண்ணாடித் தொட்டிகளைக் காட்டினாள். இரண்டிலும் ஒரே தவளையின் தலைப்பிரட்டைகள். இடது தொட்டியில் மட்டும் ஒரு வலைக்கூண்டுக்குள், பிரட்டைகளைப் பிடித்துத் தின்னும் தும்பிப் புழு. கூண்டைத் தாண்டி அது எதையும் தின்ன முடியாது. அதன் வாடைதான் நீரில் கலந்தது. அந்த வாடைக்கே அங்கிருந்த பிரட்டைகளின் வால் அகன்று சதை பிடித்திருந்தது. வலது தொட்டியில் ஒல்லி வாலும் உருண்டை வயிறும்.

"தின்ன ஆளிருக்குன்னு தெரிஞ்சா, உடம்பு தப்பிக்கிறதுக்குத் தோதா வளரும் அண்ணாச்சி. பிள்ளைங்க உடம்புலயும் அதை ஒரு ஊசியில முடுக்கிவிடுறோம். அப்புறம் தினமும் மணமூட்டியில வேட்டைமணம். ரெண்டே வருஷம், மான் கால்தான்."

ஓட்டத்தில் ஜெயித்த பிள்ளைக்குத்தான் நல்ல பள்ளியில் இடம் என்று ஆகிவிட்ட காலம். மகள் கயல்விழிக்கு ஒன்பது வயது.

"குறைச்சுச் சொல்லு."

"கோபக்காரர் யாரோட வேர்வையாவது கொண்டாங்க, வடிச்சுத் தர்றோம். அறுபதாயிரம். வீட்டு ஆளு மட்டும் வேண்டாம்."

"வெளியாளுன்னா கூலி கேப்பான். என் வேர்வைக்கு எவன் காசு கேக்கப் போறான்? நாப்பதுல முடி."

"பின்னால வருத்தப்படுவீங்க."

"வருத்தத்துக்கும் சேத்துத்தான் குறைக்கச் சொல்றேன்."

அவருக்குக் கோபம் வரவழைக்க, எதிர்க்கடைக்காரரின் துவரை விலையை வாசித்ததே போதுமாக இருந்தது.

கயல்விழியின் கால்கள் வளர்ந்தன. சோறு குறைந்தது. எப்போதும் வாசலை ஒட்டியே உட்கார்ந்தாள். அப்பா உள்ளே வந்தால் வெளியே போனாள். "எம்மேல அம்புட்டு மரியாதை" என்று மண்டியில் பெருமையடித்தார் கனகவேல்.

மாவட்டப் போட்டியில் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கைகளை விரித்தபடி நின்றார். பத்தடி முந்தி வந்த மகள், காற்று திரும்பியதும் மூக்கு விடைக்க நின்றாள். பிறகு வந்த வழியே ஓடினாள், வந்ததைவிட வேகமாக.

ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டார். "இப்பவே அந்த மணமூட்டியை நிறுத்திடுறேம்மா."

"அதை நிறுத்தலாம் அண்ணாச்சி. உங்களை எப்படி நிறுத்துறது?"

அவர் போனை வைத்தார். நடுவரிடம் கெஞ்சிப் பேசி மறுஓட்டம் வாங்கினார். இந்த முறை தொடக்கக் கோட்டுக்குப் பின்னால், மகளின் முதுகுக்கு நேராக நின்றார். அவள் தோள்கள் நடுங்குவது தெரிந்தது. நகராமல் நின்றார்.

அப்படி ஓர் ஓட்டத்தை அந்த மைதானம் கண்டதில்லை. நாடாவை அறுத்தாள். நிற்கவில்லை. வாசலையும் தாண்டினாள்.

ஒலிபெருக்கி அவள் பெயரைக் கூப்பிட்டு ஓய்ந்ததும், கோப்பையை அப்பா கையில் கொடுத்தார்கள். வெறும் சாலையைப் பார்த்தபடி நின்றவரின் மனம் பழக்க தோஷத்தில் கூட்டிப் பார்த்தது. பேரத்தில் மிச்சம், இரண்டு லட்சத்து அறுபதாயிரம். வரவு, ஒரு கோப்பை, ஒரு பள்ளி இடம். வரவேண்டிய பாக்கி, ஒரு மகள்.

அதை வசூலிக்க இவர் நேரில் போகக் கூடாது.