ஒன்பது வீதம்

சிவரூபியின் அப்பா ஆண்டியப்பன் மின்சார ஓட்டோ வாங்கிப் பதினொரு நாள் ஆகிறது. இந்தப் பதினொரு நாளும் அவர் மகளின் முகத்தைப் பார்த்ததைவிட ஓட்டோவின் திரையைப் பார்த்ததுதான் அதிகம். பற்றரியில் நூற்றுக்கு எத்தனை வீதம் மிச்சம் என்று அதில்தான் தெரியும்.

அவர்களின் ஊரான தர்மபுரத்தில் எல்லாரும் டீசல் கட்சி. கட்சித் தலைவர் லொறிக்கார அப்புத்துரை மாமா.

"உது சந்தைக்குப் போய்வரத்தான் சரி. முல்லைத்தீவுக்குப் போனியெண்டால் நான்தான் வந்து இழுக்கவேணும்" என்று அவர் தேநீர்க்கடையில் எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டார்.

"போய்க் காட்டுறன்!" என்றார் அப்பா.

அதனால்தான் அப்பாவும் மகளும் கருவாடு வாங்க முல்லைத்தீவுக்குப் போனார்கள். வீட்டில் கருவாடு ஏற்கெனவே இருந்தது. அது வேறு கதை.

திரும்பி வரும்போது எதிர்க்காற்று. விசுவமடுவுக்குக் கிட்ட வரும்போதே திரையில் ஒன்பது வீதம்.

"வீட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம் அப்பா?"

"எட்டுக் கிலோமீற்றர். கிலோமீற்றருக்கு ஒரு வீதம். காணும்."

அப்பா மூச்சைக்கூட மெதுவாக விட்டார். மூச்சு விட்டால் பற்றரி குறையுமோ என்னவோ!

வீதியின் ஒரு பாதியில் நெல் காயப் போட்டிருந்தது. ஒரு பெண் தனியாக நின்று, அவசர அவசரமாக நெல்லை அள்ளிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். வானம் கன்னங்கரேலென்று இருந்தது.

"அப்பா, நிப்பாட்டுங்கோ!"

அந்தப் பெண்ணின் பெயர் விமலேஸ்வரி. வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ட்ரக்டர் வேறை வயலுக்குப் போயிட்டுது, பிள்ளை. வீடு அந்த ஒழுங்கைக்குள்ளை. பன்ரண்டு மூட்டை. நனைஞ்சால் முளைச்சிடும்."

அப்பா திரையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு மகளின் காதுக்குள் சொன்னார்: "இதை ஏத்தி இறக்கினால் நாங்கள் வீட்டுக்குப் போக ஏலாது. அப்புத்துரை வந்து இழுப்பான். ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும் அப்பா. சிரிப்பு ரெண்டு நாளிலை நிண்டிடும். நெல்லு முளைச்சால் இந்த அன்ரி என்ன செய்வா?"

அப்பா தலையைச் சொறிந்தார். "நீ அப்பிடியே உன்ரை கொம்மா மாதிரித்தான் கதைக்கிறாய்" என்றபடி ஓட்டோவைப் பின்னுக்கு எடுத்தார்.

ஒழுங்கை வழியே வீட்டுக்கு, ஒரு தடவைக்கு மூன்று மூட்டை. சிவரூபி சாக்கின் வாயைப் பிடித்தாள். விமலேஸ்வரி அள்ளிப் போட்டார். அப்பா தூக்கி ஏற்றினார். எட்டு, ஏழு, ஆறு என்று திரை இறங்கியது. அப்பாவின் முகமும் கூடவே இறங்கியது.

கடைசி மூட்டை விறாந்தைக்குள் போனதும், யாரோ வாளியால் ஊற்றியதுபோல் மழை கொட்டியது. ஒரு நெல்மணிகூட நனையவில்லை. நனைந்தது அப்பா மட்டும்தான்.

திரையில் ஐந்து.

"அன்ரி, உங்கட வீட்டிலை பிளக் இருக்கோ? எங்களுக்குக் கொஞ்சம் கரண்ட் தருவியளோ?" என்று சிவரூபி கேட்டாள்.

அப்பாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "பிள்ளை, ஆக்களிட்டை உதெல்லாம் கேக்கிறதே!"

"தண்ணி கேட்டால் தரமாட்டனே?" விமலேஸ்வரி சிரித்தார். "ஆட்டுக் கொட்டிலுக்குள்ளை பிளக் இருக்கு. விடுங்கோ வண்டியை."

இரண்டு ஆடுகள் முறைத்துப் பார்க்க, ஓட்டோ கொட்டிலுக்குள் போய் நின்றது.

தேநீர் வந்தது. "வீட்டிலை கிடக்கிறதோடை சேர்த்து, நாளைக்கு நாப்பது மூட்டை கிளிநொச்சி மில்லுக்குப் போகவேணும் அண்ணை. உங்கட வண்டியிலை ஏத்துவியளோ?" என்று விமலேஸ்வரி கேட்டார்.

"ஏன் ஏலாது..." என்று அப்பா நெஞ்சை நிமிர்த்தினார்.

சிவரூபி இருமினாள். இரண்டு தடவை.

அப்பா நெஞ்சை இறக்கினார். "ஏலாதுதான்."

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அலறியது. அப்புத்துரை மாமாவின் குரல் ஆடுகளுக்கும் கேட்டது. "எங்கையடாப்பா நிக்கிறாய்? கயிறு கொண்டு வரட்டோ?"

சிவரூபி தொலைபேசியை வாங்கினாள். "ஓம் மாமா, நாளைக்குக் காலமை விசுவமடுவுக்குக் கொண்டு வாங்கோ. லொறியையும் கொண்டு வாங்கோ. நாப்பது மூட்டை நெல்லை ஏத்திக் கட்டவேணும். உங்களாலைதான் ஏலும் எண்டு அப்பா சொல்லுறார்."

அப்புத்துரை மாமாவின் குரல் சட்டென்று தணிந்தது.

"அப்பிடியே சொன்னவன்?"

"ஓம் மாமா."

"அவன் நல்லவன்தான்" என்றார் அப்புத்துரை மாமா.

மழை கூரையில் தாளம் போட்டது. பதினொரு நாளுக்குப் பிறகு முதல்தடவையாக அப்பா திரையைப் பார்க்காமலே ஒரு தேநீரைக் குடித்து முடித்தார்.