அப்பாவிடம் மிச்சமிருந்த ஒரு சொல்

வாலுவின் அப்பாவிடம் ஒரே ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது. அதுவும் என்ன சொல்? 'சைக்கிள்'!

அப்பா லிப்ட் மெக்கானிக். சைக்கிளுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒருநாள் வேலை செய்யும் இடத்தில் மயங்கி விழுந்தார். உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் வலது கையும் பேச்சும் திரும்பி வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் சைக்கிள், முதுகு அரித்தாலும் சைக்கிள்.

முதல் வாரம் அண்ணன் பக்கத்து வீட்டுச் சைக்கிளை நிஜமாகவே உருட்டிக்கொண்டு வந்து கட்டிலருகே நிறுத்தினான். அப்பா இடது கையால் தலையில் அடித்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

"அவருக்கு எல்லாம் புரியும்" என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். அதை யார் நினைவில் வைத்துக்கொண்டார்கள்? இரண்டே மாதத்தில், அப்பாவை வைத்துக்கொண்டே அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவர் வாயைத் திறந்தால் "சரி சரி, தூங்குங்க" என்று அடக்கினார்கள். வாலுவுக்கு அழுகை அழுகையாக வந்தது.

அழுது என்ன ஆகப்போகிறது? பாதி எழுதிய அறிவியல் நோட்டு ஒன்றை எடுத்தாள். அப்பா 'சைக்கிள்' என்று சொல்லும்போதெல்லாம் அதில் எழுதினாள். யாரிடம் சொன்னார், அப்போது என்ன நடந்தது, குரல் ஏறியதா இறங்கியதா என்று எல்லாவற்றையும் குறித்தாள்.

"என்னடி இது, பக்கம் பக்கமா சைக்கிள்?" அம்மா கேட்டாள்.

"அப்பா ஒரே மாதிரி சொல்றதில்லைம்மா. வெட்டிச் சொன்னா வேண்டாம். இழுத்துச் சொன்னா சரி. கடைசியில குரலைத் தூக்கினா, நம்மளை ஏதோ கேக்கறாரு."

அம்மாவுக்கு அதைக் கேட்கவும் தெம்பில்லை. துணி மடித்துக்கொண்டே தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தார். கட்டிலுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து, அம்மாவிடம் சொன்னார்.

"காப்பகத்துல சேத்துடலாம்மா. நீயும் எத்தனை நாள் தாங்குவே? அவனுக்கு வீடும் ஒண்ணுதான், காப்பகமும் ஒண்ணுதான். ஒண்ணும் தெரியப் போறதில்லை."

"சைக்கிள்! சைக்கிள்!"

"பாத்தியா, ஆரம்பிச்சுட்டான்."

"அது 'வேண்டாம்', பெரியப்பா" என்றாள் வாலு.

"நீயா ஏதாவது இட்டுக்கட்டாதே."

"நான் சுவரைப் பாத்துத் திரும்பிக்கறேன். எனக்குக் கேக்காம அப்பா காதுல ஏதாவது கேளுங்க. அவர் என்ன பதில் சொல்றாருன்னு நான் சொல்றேன்."

வாலு சுவரில் மூக்கு இடிக்கும்படி நின்றாள். ஒன்று தப்பினாலும் அப்பா காப்பகத்துக்குப் போய்விடுவார்.

பின்னால் பெரியப்பா கிசுகிசுத்தார்.

"சைக்கிள்." வெட்டு.

"இல்லைங்கறாரு."

"என்னைவிட நீ மூத்தவனான்னு கேட்டேன்" என்றார் பெரியப்பா. மறுபடியும் கிசுகிசுத்தார்.

"சைக்கி...ள்."

"ஆமாங்கறாரு."

பெரியப்பாவின் குரல் இறங்கியது. "சின்ன வயசுல குளத்துல விழுந்தியே, தூக்கிவிட்டது நான்தானேன்னு கேட்டேன்."

பெரியப்பா மூன்றாவது முறையும் கிசுகிசுத்தார். அப்பா மெதுவாக, "சைக்கிள்?"

வாலு குழம்பினாள். "இது ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. அப்பா உங்களைத்தான் ஏதோ கேக்கறாரு. நீங்க என்ன கேட்டீங்க, பெரியப்பா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பெரியப்பாவின் கண்கள் கலங்கியிருந்தன.

"காப்பகத்துக்குப் போறியான்னு கேட்டேன்" என்றார். "ஏன்னு கேக்கறான்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெரியப்பா நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ எங்கயும் போக வேண்டாம். மனசுல இருக்கறதைச் சொல்லுடா."

அப்பா சொன்னார். சைக்கிள், சைக்கிள் என்று நெடுநேரம் சொன்னார். நடுவில் கோபப்பட்டார், நடுவில் அழுதார். வாலுவுக்கே பாதிக்கு மேல் புரியவில்லை. ஆனால் அவர் சொல்லி முடிக்கும்வரை, யாரும் குறுக்கே பேசவில்லை.