செவலைக்குப் பளபளப்பு இல்லை

செவலை செத்துப்போன பிறகுதான் அதை வரைய வேண்டும் என்று வாலுவுக்குத் தோன்றியது. வாலு என்பது அவளுடைய சேட்டைக்காக வீட்டில் வைத்த பெயர்.

செவலை, பக்கத்து வீட்டு வண்டிக்குதிரை. வண்டியை ஓட்டியவர் ஒட்டகத்தின் அப்பா. ஒட்டகம் என்பது வாலுவின் வகுப்பிலேயே உயரமான பையனுக்கு வைத்த பட்டப்பெயர். குதிரை போனதிலிருந்து அவன் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. படம் கொடுத்தால் பேசுவான் என்று வாலு நினைத்தாள்.

புத்தகத்தில் இருந்த பந்தயக் குதிரையைப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். வயிற்றின் அடியில் பென்சிலை அழுத்தி நிழல் போட்டாள். தோளிலும் தொடையிலும் தாளை வெள்ளையாகவே விட்டாள். வெயிலில் மேனி மின்னுவது போல இருந்தது.

அண்ணன் எட்டிப் பார்த்தான். “எண்ணெய் தடவின கத்திரிக்காய் மாதிரி இருக்கு!”

“உனக்குப் பொறாமை. போடா.”

ஒட்டகம் காலி லாயத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தான்.

“இது யாரோட குதிரை?”

“டேய், உங்க செவலைதான்!”

“செவலைக்குத் தோள்ல வெள்ளை கிடையாது.”

“அது வெள்ளை இல்லடா, பளபளப்பு. வெளிச்சம் படுற இடத்தை அப்படித்தான் விடணும்.”

“அது எங்க பளபளன்னு இருந்துச்சு? வயசான குதிரை. நான் எவ்வளவு தேய்ச்சாலும் முடி சொரசொரன்னுதான் இருக்கும்.” படத்தைத் திருப்பிக் கொடுத்தான். “நல்லாத்தான் வரைஞ்சிருக்க. ஆனா வேற ஏதோ குதிரை.”

வாலுவுக்கு என்னவோ போலாகிவிட்டது. தினமும் அந்த வண்டியில்தான் பள்ளிக்குப் போனாள். செவலையின் முதுகு கண்ணெதிரே ஆடிக்கொண்டே போகும். ஒரு நாளும் அவள் அதைச் சரியாகப் பார்த்ததில்லை. இனிப் பார்க்கவும் முடியாது.

அவள் பென்சிலை எடுத்தாள். “நீ எப்படித் தேய்ப்ப? காட்டு.”

“குதிரைதான் இல்லையே.”

“சும்மா காட்டுடா.”

அவன் தயங்கி எழுந்தான். கண்ணை மூடிக்கொண்டு காற்றில் கையை இழுத்தான். கழுத்திலிருந்து தோளுக்கு. தோளிலிருந்து கீழே. விலா எலும்புகளின் மேல் மெதுவாக. இடுப்புக்கு அருகே கை வட்டம் போட்டது.

“அங்க ஏன் சுத்துற?”

“அங்க ஒரு சுழி இருக்கும்.”

அவன் கை போன வழியே வாலு சின்னச் சின்னக் கோடுகள் இழுத்தாள். தோளின் வெள்ளை மூடியது. விலாவில் மெல்லிய நிழல்கள் விழுந்தன. மினுமினுப்பு போனது. அழகும் கொஞ்சம் போனது.

“இப்போ பாரு.”

ஒட்டகம் பார்த்தான். படத்தின் கழுத்தில் உள்ளங்கையை வைத்துக் கீழே வரை தடவினான்.

‘கலைஞ்சிடும்டா’ என்று சொல்ல வாயெடுத்த வாலு, பேசாமல் இருந்துவிட்டாள்.

கோடுகள் மங்கின. அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். கரியாக இருந்தது.

“தேய்ச்சு முடிச்சா கை இப்படித்தான் இருக்கும்,” என்றான்.

அம்மா சாப்பிடக் கூப்பிடும்வரை அவன் கையைக் கழுவவே இல்லை.