ஏழு வருஷத்துப் பச்சை

காலை 10.20. மலேசியாவின் கிள்ளானில், தாமான் எனப்படும் குடியிருப்பில் ஒரு வீடு. முருங்கை மரத்தடியில் சாமியார் பக்கிரிசாமி தோண்டிய குழியிலிருந்து விரல் நீளச் செப்புத் தகடு ஒன்று வெளியே வந்தது. முழுக்கப் பச்சை. அதில் கீறியிருந்த பெயர் கமலநாதன். அந்த வீட்டு மூத்த மகன். அவனுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்தது நேற்றுதான். யாரும் தொடாமலே குழியின் ஓரத்து ஈரமண் மெல்லச் சரிந்துகொண்டிருந்தது.

"ஏழு வருஷத்துப் பச்சைம்மா இது. ஏழு வருஷத்துக்கு முன்ன இந்த வீட்டுக்கு யாரு வந்தா?" என்றார் சாமியார்.

எல்லாரும் அமுதவள்ளியைப் பார்த்தார்கள். ஏழு வருஷத்துக்கு முன்புதான் அவள் கமலநாதனைக் கட்டிக்கொண்டு வந்தாள். மாமியார் புஷ்பவல்லி திரும்பி நடந்தாள். உள்ளே போய் மருமகளின் துணிகளைப் பையில் திணித்து வாசலில் வைத்தாள். புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு அதே மாதத்தில் சூனியக்காரிப் பட்டமும். கொடுமை!

10.45. ஏர்கோன் ஒழுகுகிறதென்று கூப்பிட்டிருந்த ஏசி மெக்கானிக் ஷபீர் வந்தார். போன மாதம் ஹால் ஏர்கோனுக்குப் புதுச் செப்புப் பைப் போட்டவரும் அவர்தான். தகட்டைப் பார்த்ததும் கை நீட்டினார்.

"தொடாதீங்க பாய்!" என்று கத்தினான், சாமியாரை அழைத்து வந்த இளைய மகன் யுகேந்திரன்.

ஷபீர் கட்டைவிரலை நனைத்துத் தேய்த்தார். பச்சை பவுடர் போலக் கையோடு வந்தது. எல்லாரையும் பின்சுவரில் ஓடிய பழைய ஏர்கோன் பைப்பிடம் அழைத்துப் போனார்.

"ஆன்டி, இந்தப் பைப்ப எப்ப மாட்டினேன்?"

"பெரியவன் கல்யாணத்துக்கு" என்றாள் புஷ்பவல்லி.

"ஏழு வருஷம் லா. மழை, வெயிலு, கடல் காத்து எல்லாம் பட்டிருக்கு. என்ன கலரு?"

உறை பிய்ந்த இடமெல்லாம் கரும்பழுப்பு. தண்ணீர் சொட்டும் மூட்டில் மட்டும் பச்சை. ஷபீர் நகத்தால் சுரண்டினார். அது அசையவில்லை.

"செம்பு மொதல்ல பழுப்பாகும். ஈரமும் உப்பும் பட்டுப் பட்டு அதுமேல பச்ச வளரும், தோல் மாதிரி ஒட்டிக்கும். உங்க தகட்டுல பழுப்பே இல்ல. பச்சைக்கு அடியில நேரா புதுச் செம்பு. உப்பும் வினிகரும் தடவி டப்பாவுல மூடி வெச்சா நாலே நாள்ல இப்படி வரும்."

தகட்டைச் சிமெண்டுத் தரையில் வைத்தார். அது படியவில்லை, இரண்டு ஓரமும் லேசாகத் தூக்கி நின்றன.

"இது தகடே இல்ல. பைப்ப நீளமா வெட்டித் தட்டினது. போன மாசம் மிச்சத் துண்ட என்கிட்ட கேட்டு வாங்கினது யாரு, யுகேந்திரன்?"

யுகேந்திரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"வீட்ட அண்ணி பேருக்கு எழுதப்போறேன்னாரு அண்ணன். தகட்டத் தோண்டிக் காட்டினா பயந்துபோய் அண்ணிய அனுப்பிடுவாருன்னுதான் பொதச்சேன். அவரு போனதும், வீடு அண்ணிக்குப் போயிடுமேன்னு இன்னிக்கு..."

ஷபீர் தகட்டிலிருந்து பின்வாங்கினார். "அப்போ, நீ புதைக்கறப்ப அண்ணன் உயிரோட இருந்தாரா?"

"நல்லாத்தான் இருந்தாரு பாய். நான் பொய்யாத்தான் பேரு கீறினேன். மூணாம் நாளு விழுந்துட்டாரு. டாக்டர் மாரடைப்புன்னாரு." அவன் ஷபீரை நிமிர்ந்து பார்த்தான். "மாரடைப்புதானே பாய்?"

சாமியாரைக் காணோம், செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது. யுகேந்திரன் பெயர் கீறிய தன் வலது கையையே வெறித்தான்.

புஷ்பவல்லி அவமானத்தோடு பையைத் தூக்கி உள்ளே கொண்டுபோகப் பார்த்தாள். அமுதவள்ளி தடுத்தாள்.

"பை அங்கயே இருக்கட்டும் அத்தை. என் துணிய எடுத்துட்டு, உங்க சின்னவனோடத வைங்க."