தூணின் மறுபக்கம்

"கயித்தைத் தாண்டாதீங்க!"

ஆய்வு மாணவி நெந்தென் கத்தியதில் அந்த இளைஞன் தூக்கிய காலோடு நின்றுவிட்டான்.

"நான் குமிலார்... சுரபாயாவிலேர்ந்து. விரிசல் குறிக்க ஆள் வேணும்னு சொன்னாங்களே?"

பாண்டுங் நகரத்து மழை, கட்டுமான ஆய்வுக்கூடத்தின் தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. நடுவே வெள்ளையடித்த கான்கிரீட் தூண். சாதாரணக் கலவையைவிடப் பல மடங்கு வலுவானது. நிலநடுக்கம் போல அதை ஒரு பக்கம் தள்ளி, மறுபக்கம் இழுத்து, திரும்பத் திரும்ப வதைப்பார்கள். ஒவ்வொரு முறையும் நிறுத்தி, புது விரிசல்களைப் பேனாவால் வரைய வேண்டும். முன்முகம் அவளுக்கு, பின்முகம் அவனுக்கு.

"தள்ளினா சிவப்பு, இழுத்தா நீலம். மாத்திடாதீங்க காங், எனக்கு இருக்கிறது இந்த ஒரு தூண்தான்." இளைஞர்களை மரியாதையாக அழைக்கும் அந்த ஊர் வழக்கப்படி அவனைக் 'காங்' என்றாள்.

ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை. அவன் குரல் மட்டும் வந்தது.

"அதே அளவுதானே தள்றாங்க? ரெண்டாவது தடவை ஏன் முன்ன மாதிரி எதிர்த்து நிக்க மாட்டேங்குது?"

"முதல் தடவையே உள்ள கொஞ்சம் விட்டுப்போயிருக்கும்... வெளிய தெரியாது."

சொன்ன பிறகு அவளுக்கே சுருக்கென்றது. அவளுக்கு நிச்சயம் பேசிய மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கியபின், தனியாக இருக்கும் வாடகை அறையில் அவளிடம் இப்படி யார் பேச்சுக் கொடுத்தார்கள்?

மாலையில் தூணின் அடிப்பகுதி 'டப்'பென்று வெடித்துச் சிதறியது. சோதனை முடிந்தது. நெந்தென் மறுபக்கம் போய்ப் பார்த்தாள்.

"எல்லாமே சிவப்பு! இழுக்கும்போது நீலம்னு கத்தினேனே, காதுல விழலையா?"

"குரல் விழுந்துது... என்ன சொன்னீங்கன்னுதான் விழல."

தூணைத் தள்ளி இழுக்கும் ஜாக்கி எந்திரத்தை இயக்கும் டூடுங் மாமா சிரித்தார். "பையனுக்கும் விரிசல் விட்டுடுச்சு நெந்தென். அதை எந்தக் கலர்ல போடுவே?"

"சும்மா இருங்க மாமா!"

அவள் முகம் சிவந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேமரா இருபக்கமும் படம் எடுத்திருந்ததால் சோதனை பிழைத்தது. அதைச் சொல்லி அவனைத் தேற்றியிருக்கலாம்... பேனாக்களைப் பொறுக்குவதில் மும்முரமானாள்.

"மன்னிச்சிடுங்க. ராத்திரி ரயிலுக்குப் போகணும்."

பையை மாட்டிக்கொண்டு அவன் கதவருகே போனான். வெளியே மழை. போகட்டும் என்று நினைத்தாள் நெந்தென்... போனால் வலிக்காது. இன்னொரு தடவை தாங்க முடியுமா?

"காங்... நாளைக்கு ரயில் இல்லையா?"

"இருக்கு. எதுக்கு?"

"தப்பைத் திருத்த ஆள் வேணும்..." அவள் குரல் உள்ளே போனது. "பொய். திருத்த நானே போதும். ரொம்ப நாளைக்கப்புறம் இன்னிக்கு முழுக்க ஒருத்தர் என்கிட்ட பேசிட்டே இருந்தாங்க... எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. போகாதீங்க."

குமிலார் பையைக் கீழே வைத்தான்.