காணாமல் போன இருநூற்று எண்பது சதுர மீட்டர்

முத்துவீரனின் நாணயத்துக்கு கரி முதலாளி ஞானதுரை போட்டிருந்த விலை எட்டு லட்ச ரூபாய். சாம்பிளை அளந்து பார்த்துவிட்டுச் சென்னைக் கம்பெனி வேண்டாமென்ற ஒரு லோடு, நீராவியில் துளையேற்றிய சிரட்டைக் கரியின் விலை அது. மார்க்கையன்கோட்டைக் களத்தில், எல்லா ஆட்களும் பார்க்க, "மட்டக் கரியைக் கலந்த களவாணி" என்று சொல்லி, பதினெட்டு வருடம் உலை பார்த்தவரை விரட்டியாயிற்று.

அதை நிரூபித்துத் தரத்தான், சரக்குத் தகராறுகளைத் துப்பறியும் கிருபாவதியைப் போடி பஜாரிலிருந்த தன் கடைக்கு அழைத்திருந்தார் ஞானதுரை. கூடவே கிருபாவதியின் கணவர் வினோத்ராஜ். முதல் வாக்கியம் முடிவதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிடுகிற ஆள்.

"கரிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத துளைக. கடுங்குளிர்ல நைட்ரஜன் வாயுவை விட்டு, எவ்வளவு ஒட்டுதுன்னு அளந்து, துளைகளோட உள்பரப்பைக் கணக்குப் போடுவாக," என்றார் கிருபாவதி. "கிராமுக்கு ஆயிரத்து நூறு சதுர மீட்டர் பரப்பு இருக்கணும். உங்க சாம்பிள்ல எண்ணூத்தி இருபதுதான்."

"மிச்சத்தை முத்துவீரன் தின்னுட்டான்," என்றார் வினோத்ராஜ்.

"போன வாரம் உங்க குடோன் மூட்டையில இருந்து நானே எடுத்து அளக்கக் குடுத்தேன். ஆயிரத்து நூத்தி நாலு," என்றார் கிருபாவதி. "லோடு சுத்தம், அண்ணாச்சி. கம்பெனிக்குக் குடுத்த சாம்பிள் பொட்டலம்தான் பழுது. அதை அள்ளுனது யாரு?"

"நான்தான். என் கையால அள்ளி, பேப்பர்ல மடிச்சு, கம்பெனிக்காரன் வர்ற வரைக்கும் ஒரு மாசம் பூட்டி வச்சேன். யாரை நம்ப முடியுது?"

"சாவி?" என்று பாய்ந்தார் வினோத்ராஜ்.

"என் இடுப்புல."

கிருபாவதி டீயை ஒரு வாய் குடித்தார். "டீயில ஏலக்காய் போடலையா?"

"போடிக் கடையில ஏலம் இல்லாம டீயா? நாலு காய் தட்டிப் போட்டிருக்கு."

"மணமே இல்லையே. காய் எந்த டப்பாவுல இருக்கு?"

காட்டுவதற்கு எழுந்த ஞானதுரையின் கை பாதியில் நின்றது. டீக்கான காயைக்கூடப் பூட்டி வைக்கிறவர் அவர். கடையில் பூட்டுள்ள டப்பா அது ஒன்றுதான். திறந்தபோது, காய்களுக்கு நடுவே மீதிக் கரிப் பொட்டலம் அப்படியே இருந்தது.

"காயோட மண எண்ணெயைக் கரி உறிஞ்சிருச்சு," என்றார் கிருபாவதி. "அளக்குறதுக்கு முன்ன ஈரம் போகச் சூடு காட்டுவாக. அந்தச் சூட்டுக்கு எண்ணெய் கிளம்பாது. ஆள் குடியிருக்கிற வீட்டுல நைட்ரஜன் எங்க போய் உக்காரும்?"

"அப்ப களவாணி..." என்று தொடங்கினார் வினோத்ராஜ்.

"சும்மா இருங்க."

ஞானதுரைக்குக் காதுமடல் சுட்டது. வாய் மட்டும் பழக்கத்தில் பேரம் பேசியது. "சாம்பிள் பழுதுன்னு மட்டும் எழுதிருங்களேன். அவனுக்கு ரெண்டு மாசச் சம்பளம் சேர்த்துக் குடுத்துர்றேன்."

"நீங்க பறிச்சது சம்பளத்தை மட்டும் இல்லையே, அண்ணாச்சி."

மறுநாள் காலை ஞானதுரை களத்தில் ஆட்களைக் கூட்டினார். ஆள் அனுப்பி அழைத்ததால் முத்துவீரனும் வந்து நின்றார். "சாம்பிளைக் கெடுத்தது நான். இவரைச் சொன்ன சொல்லு தப்பு," என்றார் ஞானதுரை, தரையைப் பார்த்து.

முத்துவீரன் நிதானமாகச் சுற்றிப் பார்த்தார். "அன்னைக்குக் கேட்டது பதினாலு பேரு, மொதலாளி. இங்கன ஒன்பது பேருதான் நிக்கிறாக."

"மத்தவுக?"

"நாலு பேரு இப்ப ராயப்பன்பட்டியில வேலை பாக்குறாக. சங்கிலியம்மா போன வாரம் தவறிட்டாக."

ராயப்பன்பட்டிக்கு வண்டியை எடுக்கும்போது ஞானதுரை கணக்குப் பார்த்தார். ஒன்பது தீர்ந்தது. நாலு மதியத்துக்குள் தீரும். ஒன்று பாக்கி நின்றது.